கறுத்த விரல்களும் வெளிறிய நகங்களும்

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் குடும்பத்தோடு அய்யனார் கோவிலுக்குப் போயிருந்தேன். ராஜபாளையத்திலிருந்து மேற்கே, மலையடிவாரத்தில் ஆற்றங்கரையோரம் இருக்கிற கோவில். கோவிலுக்குப் போகும் சாலையோரம் என் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் ஆச்சியோடு உட்கார்ந்து நெல்லிக்காய் விற்றுக்கொண்டிருந்தாள். காயைக் கத்தியால் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தந்தாள். பழைய இரும்புக் கத்தி. அதன் விளிம்பு நீலம் கலந்த கறுப்பாக இருந்தது. அவளுடைய விரல் நுனிகளும் அதே நிறம்.

“கை கழுவலையாம்மா?” என்று கேட்டுவிட்டேன்.

“சோப்புப் போட்டுக் கழுவிட்டேன் டீச்சர். நெல்லிக்காக் கறை, போகவே மாட்டேங்குது. காயும் பச்சையா இருக்கு, கத்தியும் வெள்ளையாத்தான் இருந்துச்சு. இந்தக் கறுப்பு எங்கிருந்து டீச்சர் வருது?”

நல்ல கேள்வி. வகுப்பில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாரம் பள்ளி மருத்துவப் பரிசோதனையின் பட்டியல் என் கைக்கு வந்தது. அவள் பெயருக்கு நேரே ஹீமோகுளோபின் 8.9 என்று எழுதியிருந்தது. அவளை அழைத்து நகங்களைப் பார்த்தேன். விரல் நுனியில் கறை இன்னும் முழுதாகப் போகவில்லை. நகமோ வெளிறிக் கிடந்தது. விரலில் கறையாக ஒட்டிக்கொண்டிருக்கும் இரும்பு இரத்தத்தில் மட்டும் ஏன் குறைகிறது? இந்தக் கேள்விதான் அடுத்த சில வாரங்கள் எங்கள் வகுப்பை நடத்தியது. அதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இரண்டு முகம் கொண்ட இரும்பு

இரும்பு ஓர் இடைநிலைத் தனிமம். அதன் 26 எலக்ட்ரான்களில் கடைசி எட்டு முக்கியமானவை. அவற்றில் 2 வெளிக்கூட்டிலும், 6 அதற்கு உள்ளே இருக்கும் கூட்டின் டி ஆர்பிட்டால்களிலும் இருக்கின்றன. சோடியம் போன்ற உலோகம் வெளியில் உள்ள ஒன்றைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். உள்கூட்டைத் தொடாது. இரும்பில் அந்த இரண்டு இடங்களின் ஆற்றலும் ஏறத்தாழ அருகருகே இருப்பதால், வெளியில் உள்ள இரண்டைக் கொடுத்தபின் உள்ளிருந்து இன்னொன்றையும் கொடுக்க முடிகிறது. இரண்டைக் கொடுத்தால் ஃபெர்ரஸ், மூன்றைக் கொடுத்தால் ஃபெர்ரிக்.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி என்பது ஃபெர்ரஸ் சல்பேட். புதிதாக இருக்கும்போது வெளிர்பச்சை. திறந்து வைத்தால் காற்று பட்டு மேற்பரப்பு மஞ்சள் பழுப்பாகும். ஃபெர்ரஸ் மெல்ல ஃபெர்ரிக்காக மாறுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். நம் ஊர் அய்யனார் கோவில்களில் நிற்கும் மண் குதிரைகளின் சிவப்பும் ஃபெர்ரிக் ஆக்சைடுதான். சூளையில் காற்று தாராளமாகப் போனால் மண் சிவக்கும். காற்றை அடைத்துப் புகையில் சுட்டால் கறுக்கும். கீழடியில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளை மாணவர்கள் படத்தில் பார்த்திருப்பார்கள். ஒரே பானையில் காற்றுப்பட்ட பகுதி சிவந்தும் படாத பகுதி கறுத்தும் இருப்பதை அவர்களே விளக்கிவிடுவார்கள்.

துணை மாறினால் நிறம் மாறும்

ஆனால் நெல்லிக்காய்க் கறை இதனோடு முடியவில்லை. அதற்கு இன்னொன்று தெரிய வேண்டும்.

பத்தாம் வகுப்பில் ‘கரைசல்கள்’ பாடத்தில் மயில்துத்தத்தைச் சூடேற்றும் பகுதி வருகிறது. நீலப் படிகம் வெண்மையாகிறது. ஒரு சொட்டு நீர் விட்டால் மறுபடியும் நீலம். ‘படிக நீர் போய்விட்டது’ என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். ‘நீர் நிறமற்றது. அது போனால் நீலம் ஏன் போக வேண்டும்?’ என்று நான் திருப்பிக் கேட்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது.

விடை இதுதான். மயில்துத்தத்தில் ஒவ்வொரு தாமிர அயனியைச் சுற்றியும் 4 நீர் மூலக்கூறுகள் நெருங்கி நிற்கின்றன. நீரிலுள்ள ஆக்சிஜன் தன் தனித்த எலக்ட்ரான் இரட்டையைத் தாமிரத்துக்குத் தருகிறது. ஒன்பதாம் வகுப்பில் படித்த ஈதல் சகப்பிணைப்பு இது. இப்படித் தருகிற மூலக்கூறுக்கு மேல்வகுப்பில் ‘ஈனி’ என்று பெயர். வாழை குலை ஈனுகிறது, பசு கன்று ஈனுகிறது என்கிறோமே, அதே சொல். நடுவில் உலோகம், சுற்றிலும் ஈனிகள். இந்த அமைப்புத்தான் அணைவுச் சேர்மம்.

தனித்த தாமிர அயனியில் ஐந்து டி ஆர்பிட்டால்களும் ஒரே ஆற்றலில் இருக்கும். ஈனிகள் நெருங்கியதும் அவை மேல் கீழாகப் பிரிகின்றன. கீழே உள்ள எலக்ட்ரான் மேலே தாவ, வெள்ளொளியின் சிவப்புப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறது. மிச்சம் நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது. சூடேற்றி நீரை விரட்டினால் தாமிரத்துக்குச் சல்பேட்டின் ஆக்சிஜன்களே துணை. அவை நீரை விட வலுக்குறைந்த ஈனிகள். பிளவு சிறிதாகி, உறிஞ்சப்படும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்குப் போய்விடுகிறது. நிறம் மறைகிறது. நீல நிறக் கரைசலில் அம்மோனியாவை ஊற்றிக்கொண்டே போனால், முதலில் வெளிர்நீல வீழ்படிவு வந்து, பிறகு கரைந்து அடர்நீலமாகும். அம்மோனியா இன்னும் வலுவான ஈனி. உலோகம் அதேதான், நீரின் இடத்தில் அம்மோனியா வந்துவிட்டது.

இதை உலகுக்குச் சொன்னவர் ஆல்ஃபிரட் வெர்னர். 1893இல், 26 வயதில் சொன்னார். கோபால்ட் குளோரைடும் அம்மோனியாவும் சேர்ந்த சேர்மங்கள் அப்போது எல்லோரையும் குழப்பிக்கொண்டிருந்தன. ஒரு கோபால்ட்டுக்கு 6 அம்மோனியா இருந்தால் மஞ்சள், 5 இருந்தால் ஊதா. இரண்டிலும் குளோரின் மூன்றுதான். ஆனால் வெள்ளி நைட்ரேட் சேர்த்தால் மஞ்சள் சேர்மத்தில் மூன்று குளோரைடும் வீழ்படிவாகின்றன, ஊதாவில் இரண்டுதான். மூன்றாவது எங்கே? அது உலோகத்தோடு நேராகப் பிணைந்து, ஆறாவது அம்மோனியாவின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்றார் வெர்னர். உலோகத்தைச் சுற்றி ஆறு இடங்கள். யார் வந்தாலும் அந்த ஆறுக்குள்தான். இதற்காக 1913இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நண்டின் கொடுக்கு

இப்போது நெல்லிக்காய்க்கு வருவோம். நெல்லி, கடுக்காய், தேயிலை மூன்றிலும் துவர்ப்பு உண்டு. அந்தத் துவர்ப்புக்குக் காரணமான பொருள்களை டானின் என்கிறோம். டானின் மூலக்கூறில் அடுத்தடுத்து இரண்டு ஆக்சிஜன்கள் நிற்கும் இடங்கள் பல. நண்டு இரு கொடுக்கால் விரலைக் கவ்வுவதுபோல அந்த இரண்டும் ஒரே இரும்பு அயனியைப் பிடித்துக்கொள்கின்றன. பாடநூல் இதைக் ‘கொடுக்கிணைப்பு’ என்று சொல்வது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். ஒற்றைக் கையால் பிடிக்கும் நீரை விட இந்தப் பிடி பல மடங்கு இறுக்கம். சோப்புக்கு அது அசைவதில்லை.

நிறம் ஏன் இவ்வளவு கறுப்பு? மயில்துத்தத்தில் எலக்ட்ரான் உலோகத்துக்குள்ளேயே தாவியது. இங்கே ஈனியிலிருந்து உலோகத்துக்கே தாவுகிறது. அத்தகைய தாவல் ஒளியை மிக வலுவாக உறிஞ்சும். அதனால்தான் கத்தியிலிருந்து கரைந்து வந்த துளி இரும்பு போதும், விரல் கறுத்துவிடுகிறது. ஃபெர்ரஸாகக் கரைந்து வரும் இரும்பு காற்றுப்பட்டு ஃபெர்ரிக்காக மாறும்போது கருமை இன்னும் ஏறும்.

இதை நம் முன்னோர் நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுதும் மை காய்ச்சினார்கள். காளஹஸ்திக் கலம்காரியில் துணியை முதலில் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் பல நாள் புளிக்கவைத்து, அந்த நீரை மூங்கில் எழுதுகோலால் தொட்டு வரைவார்கள். கோடு துணியில் பட்டதும் கறுக்கும். நம் மாநிலத்தின் கருப்பூர்க் கலம்காரி 2021இல் புவிசார் குறியீடு பெற்றதை மாணவர்களிடம் இந்த இடத்தில் சொல்லலாம். வீட்டில் பாட்டிமார் தலைக்கு மருதாணியைத் தேயிலைச் சாற்றோடு இரும்புச் சட்டியில் ஊறவைப்பதும் இதே வேதியியல்தான்.

இரத்தத்தில் ஓர் அணைவு

நம் உடலில் உள்ள மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம். ஓர் ஆணியின் எடைதான். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் இருக்கிறது. ஒரு ஹீமோகுளோபினில் நான்கு இரும்பு. ஒவ்வொன்றும் ஃபெர்ரஸ் நிலையில், ஒரு வளையத்தின் நடுவே உட்கார்ந்திருக்கிறது. வளையத்தின் நான்கு நைட்ரஜன்கள் நான்கு புறமும் பிடித்திருக்கின்றன. ஐந்தாவது பிடி புரதத்தின் நைட்ரஜன். வெர்னர் சொன்ன ஆறாவது இடம் காலியாக இருக்கிறது. நுரையீரலில் ஆக்சிஜன் வந்து அந்த இடத்தில் அமர்கிறது. திசுக்களில் இறங்கிவிடுகிறது. இறுகப் பிடித்தால் இறக்கிவிட முடியாது, தளர்ந்தால் ஏற்றிச் செல்ல முடியாது. அளவான பிடி. மூடிய அறையில் கரி எரித்தால் உயிருக்கு ஆபத்து என்பதும் இங்கிருந்தே விளங்கும். கார்பன் மோனாக்சைடு அதே ஆறாவது இடத்தை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிடித்துக்கொள்கிறது.

இரும்பு குறைந்தால் இந்த இருக்கைகள் குறைகின்றன. காலை வழிபாட்டில் மயங்கி விழும் பிள்ளை, மதியப் பாடவேளையில் மேசையில் தலை சாய்க்கும் பிள்ளை, ‘கவனமே இல்லை’ என்று நாம் திட்டும் பிள்ளை, இவர்களில் எத்தனை பேருக்கு ஆக்சிஜன் போதவில்லையோ? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டிலும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல்.

டீயோடு விழுங்கிய மாத்திரை

இதற்காகத்தான் பள்ளியில் வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை தருகிறோம். 2018இல் வந்த தேசியத் திட்டப்படி 10 முதல் 19 வயதுக்கு நீல மாத்திரை, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும். 5 முதல் 9 வயதுக்கு இளஞ்சிவப்பு மாத்திரை, 45 மில்லிகிராமும் 400 மைக்ரோகிராமும்.

அந்த மாணவியிடம், “மாத்திரை ஒழுங்கா போடுறியாம்மா?” என்று கேட்டேன்.

“போடுறேன் டீச்சர். வெறும் தண்ணியில முழுங்குனா வயித்தப் புரட்டும். அதான் வீட்டுக்குக் கொண்டுபோயி சாயங்காலம் கட்டன் டீயோட முழுங்கிருவேன்.”

எனக்குச் சுருக்கென்றது. கட்டன் டீ என்றால் டானின். மாத்திரை என்றால் இரும்பு. வயிற்றுக்குள்ளே அவள் விரல் நுனியில் நடந்ததுதான் நடந்திருக்கிறது. டானின் கவ்விய இரும்பைக் குடல் எளிதில் உறிஞ்ச முடியாது. அதில் பெரும்பகுதி வீணாக வெளியேறிவிடும். வாரந்தோறும் ஒரு மாத்திரை கணக்கில் ஏறியது, இரத்தத்தில் சரியாக ஏறவில்லை.

தவறு அவளுடையதல்ல. மாத்திரையை என் கண்முன் விழுங்கவைக்க வேண்டும் என்பது விதி. அவசரத்தில் பல நாள் கையில் கொடுத்து அனுப்பியவள் நான். எதோடு விழுங்குகிறாய் என்று இத்தனை ஆண்டுகளில் ஒருத்தியையும் கேட்டதில்லை. மயில்துத்தத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரிந்த எனக்கு, மாத்திரையும் அதே பாடம் என்பது தோன்றவில்லை. மறுநாள் வகுப்பில் கைதூக்கச் சொன்னபோது, மாத்திரையை டீயோடோ காப்பியோடோ விழுங்குவதாகப் பலர் கை தூக்கினார்கள்.

வகுப்பில் செய்து பார்த்தது

விளக்கிச் சொல்வதை விடக் காட்டுவது மேல். நான்கு கண்ணாடிக் குவளைகளை எடுத்துக்கொண்டோம். முதலில் தண்ணீர், இரண்டாவதில் பால் சேர்க்காமல் வடிகட்டிய தேநீர், மூன்றாவதில் கடுக்காய்த் தூளை ஊறவைத்து வடித்த நீர், நான்காவதில் எலுமிச்சைச் சாறு கலந்த நீர். ஒரு சிட்டிகை அன்னபேதியைக் கரைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி விட்டோம். தண்ணீரும் எலுமிச்சை நீரும் ஏறத்தாழ அப்படியே இருந்தன. தேநீர் சட்டென்று இருண்டது. கடுக்காய் நீர் மையாகவே ஆகிவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து இரண்டும் இன்னும் கறுத்தன. வகுப்பு முழுக்க ஒரே சத்தம்.

பிறகு கறுத்த தேநீரில் எலுமிச்சையைப் பிழிந்தோம். கருமை வெளுத்தது. எலுமிச்சையின் அமிலம் டானினின் கொடுக்கைத் தளர்த்துகிறது. அதிலுள்ள சிட்ரேட் இரும்பைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. வைட்டமின் சி ஃபெர்ரிக்கைக் குடல் எளிதில் ஏற்கும் ஃபெர்ரஸாக மாற்றுகிறது.

உடனே நெல்லிக்காய் விற்றவள் கேட்டாள்: “அப்ப நெல்லிக்கா நல்லதா கெட்டதா டீச்சர்? அதுலயும் வைட்டமின் சி இருக்கும்ல?” இருக்கிறது, மிக அதிகமாகவே இருக்கிறது. டானினும் இருக்கிறது. ஒன்று உதவும், மற்றொன்று தடுக்கும். நெல்லியைத் தாராளமாகச் சாப்பிடு, மாத்திரை நாளில் மட்டும் எலுமிச்சை, கொய்யா போதும் என்றேன்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் அன்னபேதி இல்லாமலே இதைச் செய்யலாம். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் மூன்று நான்கு நாள் போட்டு வைத்து, அந்த நீரைத் தேநீரில் விட்டால் போதும். கடுக்காய் நீரில் விட்டு, குச்சியால் தொட்டுக் காகிதத்தில் தம் பெயரை எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். எதையும் சுவைத்துப் பார்க்கக்கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடுக்காய்க்காக மலையேற வேண்டாம். அய்யனார் கோவில் பக்கக் காடுகள் 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. அங்கிருந்து ஒரு காயும் எடுக்கக்கூடாது. நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும்.

இப்போது எங்கள் பள்ளியில்

மாத்திரையை மதிய உணவுக்குப் பின், என் கண்முன், தண்ணீரோடு விழுங்குகிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காப்பி கூடாது. வயிற்றைப் புரட்டினால் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் போடாவிட்டால் பெரும்பாலோர்க்கு அது குறைகிறது. மலம் கறுத்துப் போகும், உறிஞ்சப்படாத இரும்புதான் அது, பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். இதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்திய பிள்ளைகள் இருந்தார்கள். ஒன்றுக்கு மேல் போடக்கூடாது, வீட்டில் சிறு குழந்தைகள் கைக்கு எட்ட வைக்கக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். அதிக இரும்பு சிறு குழந்தைகளுக்கு நஞ்சு.

டீயை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. குடற்புழு, மாதவிடாய், சத்தான உணவின்மை எல்லாம் சேர்ந்துதான் இரத்தசோகை. அந்த மாணவியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அழைத்துப் போனோம். குடற்புழு நீக்க மாத்திரையும், அவளுக்கென்று தனியாகச் சிகிச்சையும் கொடுத்தார்கள். அடுத்த முறை பார்த்தபோது 10.4 இருந்தது. இன்னும் 12ஐத் தொடவில்லை. தொட வேண்டும்.

சில நாள் கழித்து அவள் சொன்னாள்: “டீச்சர், எங்க ஆச்சியும் மாத்திரைய டீயோடதான் போட்டுச்சு. நான் குவளையில செஞ்சு காட்டுனேன். இப்ப தண்ணியோட போடுது.”

அணைவுச் சேர்மங்கள் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். அவள் அங்கு வர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. ஆனால் அவள் வீட்டுக் குவளையில் அந்தப் பாடம் ஏற்கெனவே நடந்துவிட்டது. அடுத்த முறை மாத்திரை கொடுக்கும் நாளில், உங்கள் வகுப்பிலும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “எதோடு விழுங்குகிறாய்?”